மாமாவுக்குக் கேட்காத தலைப்புகள்

மறிச்சுக்கட்டியும் முள்ளிக்குளமும் அடுத்தடுத்த ஊர்கள். 1990 ஒக்டோபரில் எங்களவர்கள் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போனார்கள். 2007இல் முள்ளிக்குளத்துக் கத்தோலிக்க மக்களும் ஊரை விட்டுப் போக நேர்ந்தது. அங்கே கடற்படை முகாம் வந்தது. இரண்டு ஊர்ப் பெரியவர்களும் சொன்ன நினைவுகளை எனக்கு முன் படித்த அக்காமார் சேர்த்து, ஓர் இணையப் பக்கமாக ஆக்கியிருந்தார்கள். அதைச் செப்பமிடும் வேலை சென்ற ஆண்டு என்னிடம் வந்தது.

பார்க்க அழகான பக்கம். தடித்த பெரிய எழுத்தில் தலைப்புகள், வரிசையாகப் படங்கள். புத்தளத்தில் இருக்கும் என் மாமாவுக்கு முகவரியைச் சொன்னேன். அவருக்குப் பார்வை இல்லை. என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் கணினியில் உள்ளதை அவருக்கு வாசித்துச் சொல்லும். அதில் எச் விசையைத் தட்டினால் தலைப்புத் தலைப்பாகத் தாவலாம். மாமா தட்டிப் பார்த்துவிட்டு அழைப்பெடுத்தார்.

"மகள், இதில ஒரு தலைப்பும் இல்லையே. முள்ளிக்குளம் எங்க வருது?"

கண்ணுக்குத் தலைப்பு இருந்தது. பக்கத்தின் குறிமுறையில் இல்லை. வேர்டில் தட்டச்சுவது போலவே பக்கம் செய்ய உதவும் தொகுப்பிகளில், எழுத்தைப் பெரிதாக்கி நிறம் கொடுத்தால் தலைப்புப் போலத் தெரியும். ஆனால் பின்னால் மென்பொருள் எழுதி வைப்பது, இந்தச் சொற்களுக்கு இந்த அளவு, இந்த நிறம் என்பதை மட்டுமே. இது தலைப்பு என்று சொல்ல எச்டிஎம்எல்லில் எச்1 முதல் எச்6 வரை தனிக் குறிகள் உண்டு. தொகுப்பியின் பட்டியலிலும் அவை இருக்கின்றன. எழுத்தளவுப் பொத்தான் பக்கத்திலேயே இருப்பதால் கை அங்கேதான் போகிறது.

டபிள்யூ3சி அமைப்பு இலவசமாகத் தரும் சரிபார்ப்பானில் பக்கத்தைக் கொடுத்தேன். படங்களுக்கு மாற்றுரை இல்லை என்று பிழை காட்டியது. எந்த மொழிப் பக்கம் என்று குறிக்கவில்லை என எச்சரித்தது. வேர்டிலிருந்து வெட்டி ஒட்டிய இடங்களில் மூடாத குறிகளும் வழக்கொழிந்த குறிகளும் நிறைய. அந்தப் போலித் தலைப்புகளைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை! இலக்கணம் பார்க்கும் கருவிக்குப் பெரிய எழுத்தின் நோக்கம் எப்படித் தெரியும்? பிழை இல்லை என்று வந்துவிட்டால் போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்தச் சோதனை இல்லாமல் மூடாத குறிகளை நான் கண்டுபிடித்திருக்கவும் மாட்டேன்.

மொழிக் குறிப்பு, பக்கத்தின் முதல் குறியில் சேர்க்கும் ஒரு சொல்தான். அதைப் பார்த்தே திரைவாசிப்பான் தமிழ்க் குரலுக்கு மாறுகிறது.

பாமினி எழுத்துருவில் இருந்த பகுதிகள்தான் என் பொறுமையைச் சோதித்தன. பாமினியில் தட்டச்சிய கோப்பின் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உடை போர்த்துகிறது. தொகுப்பியில் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. மாமாவின் கணினியோ ஒவ்வோர் ஆங்கில எழுத்தாக உளறும். எல்லாவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றி வரிவரியாக ஒப்பிட்டேன். அப்போதெல்லாம் அதிராம்பட்டினத்து உமர் தம்பியை நினைத்துக்கொண்டேன். தேனீ என்ற ஒருங்குறி எழுத்துருவைச் செய்து தந்துவிட்டு 2006இல் மறைந்தவர். திரையில் தமிழ் தெரிவதே பெரும்பாடாக இருந்த காலம் அவருடையது.

படங்களுக்கு மாற்றுரை எழுதியது எனக்குப் பிடித்த வேலை. "படம் 3" என்று எழுதினால் சரிபார்ப்பான் ஏற்றுக்கொள்ளும். மாமாவுக்கு என்ன பயன்? வாப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படத்திலும் என்ன இருக்கிறது என்று எழுதினேன்.

மாமா எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, "குளக்கட்டில நின்ற மருதமரத்தைச் சொல்லல்லையே" என்றார். படத்தில் மரம் இல்லை. மாற்றுரை படத்தில் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும். படத்தின் கீழே வரும் குறிப்புக்கென்று எச்டிஎம்எல்லில் வேறொரு குறி இருக்கிறது. மரத்தை அங்கே எழுதி வைத்தேன்.