வேலெஸ்: பொய் விற்றுப் பிழைத்த ஊர்!

உலக மேப்பை விரிங்க பாஸ். கிரீஸுக்கு நேர் மேலே தம்மாத்தூண்டு நாடு ஒண்ணு தெரியுதா? வடக்கு மாசிடோனியா. 2019 வரைக்கும் வெறும் மாசிடோனியா. அன்னை தெரசா பிறந்த ஸ்கோப்யேதான் தலைநகர். அங்கிருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் போனா, வர்தார் ஆற்றின் இரண்டு கரையிலும் மலைச்சரிவில் வீடுகளாக அடுக்கி வைத்த ஊர் ஒன்று வரும். அதுதான் வேலெஸ்.

யூகோஸ்லாவியா காலத்தில் இது கெத்தான ஊர். அதிபர் டிட்டோ பேரையே சேர்த்து 'டிட்டோவ் வேலெஸ்' என்று அழைத்தார்கள். பீங்கான் தொழிற்சாலை இருந்தது. 1973-ல் ஈயமும் துத்தநாகமும் உருக்கும் ஆலையும் வந்தது. வேலை கிடைச்சுது. கூடவே ஊர்க் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயமும் சேர்ந்தது! 1991-ல் நாடு தனியானதும் தொழில்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. 2003-ல் உருக்காலைக்கும் பூட்டு. 2016-ல் அந்த நாட்டில் வேலை தேடிய இளைஞர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு வேலை இல்லை. வேலை கிடைச்சாலும் சராசரி மாசச் சம்பளம் 370 டாலர்தான்.

கையில் டிகிரி இல்லை, ஊரில் ஃபேக்டரி இல்லை. ஆனா, வீட்டில் இன்டர்நெட் இருக்கு. என்ன செய்வீங்க?

வேலெஸ் பசங்க செய்தது இதுதான். சில டாலர் செலவில் அமெரிக்கப் பெயரில் ஒரு வெப்சைட். அமெரிக்கத் தளங்களில் இருந்து சுட்ட செய்திக்கு மசாலா தடவிய தலைப்பு. அதைப் போலிக் கணக்குகள் மூலம் ஃபேஸ்புக் குழுக்களில் வீசுவது. ஜனங்க கிளிக் பண்ணி உள்ளே வந்தா, கூகுள் விளம்பரக் காசு. அவ்வளவுதான் தொழில்!

ஏன் அமெரிக்கா? விளம்பரக் கணக்கில் அமெரிக்கன் கிளிக்குக்கு ரேட் அதிகம். ஏன் டிரம்ப்? மற்ற வேட்பாளர்களையும் வைத்துப் பார்த்தார்கள். டிரம்ப் சரக்குதான் பிச்சுக்கிட்டுப் போச்சு. கொள்கையெல்லாம் ஒண்ணும் கிடையாது.

சாம்பிள் ஒண்ணு. 'தொழிலில் ஜெயித்தவர்கள் தேர்தலில் நிற்கணும்' என்று 2013-ல் ஹிலாரி கிளின்டன் பேசியிருந்தார். அதில் டிரம்ப்பை நுழைத்து, அவரைப் போன்றவர்கள் நேர்மையானவர்கள் என்று ஹிலாரியே சொன்னதாகத் திரித்தது ஒரு வேலெஸ் தளம். ஒரே வாரத்துக்குள் லைக், ஷேர், கமென்ட் எல்லாம் சேர்த்து 4,80,000!

தேர்தல் நேரத்தில் இப்படிக் குறைந்தது 140 தளங்கள் இந்த ஒரே ஊரில் இருந்து ஓடின. பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டிய பதினெட்டு வயசுப் பையன் ஒருத்தன் நாலே மாசத்தில் சம்பாதித்தது, கிட்டத்தட்ட 16,000 டாலர். அவன் ஊர்க் கணக்கில் மூணரை வருஷச் சம்பளம்!

'பாவம், வயித்துப் பிழைப்பு' என்று தோணுதா? எனக்கும் தோணுது. ஆனா, அந்தப் பொய்யை நம்பி எங்கோ ஒருத்தர் ஓட்டுப் போடுகிறார், அண்ணன் தம்பியோடு முறைத்துக்கொள்கிறார். விற்றவனுக்கு அந்தத் தேர்தலில் ஓட்டும் இல்லை, அதன் விளைவும் இல்லை. ஈயப் புகை கக்கிய ஆலை ஊருக்குள்ளேயாவது நின்றது. இந்தப் புகை கடல் கடந்து போச்சு. தயாரித்தவன் கண்ணில் படவே இல்லை!

2016 நவம்பரில் கூகுளும் ஃபேஸ்புக்கும் போலிச் செய்தித் தளங்களுக்கு விளம்பர வருமானத்தை நிறுத்துவதாக அறிவித்தன. பசங்கள் சும்மா விளையாட்டாக ஆரம்பித்தது என்ற கதையும் நிலைக்கவில்லை. அமெரிக்கர்களே சிலர் இதில் கூட்டாளிகள் என்று 2018-ல் பத்திரிகையாளர்கள் தோண்டி எடுத்தார்கள்.

கடையை மூடினாலும் வியாபாரம் நிற்கலை. 2025 நவம்பரில் எக்ஸ் தளம், எந்தக் கணக்கு எந்த நாட்டில் இருக்கிறது என்று காட்ட ஆரம்பித்தது. அமெரிக்க தேசபக்தி பொங்கப் பொங்க எழுதிய பல கணக்குகள் நைஜீரியாவிலும் வங்கதேசத்திலும் இருந்தன. 2023-லிருந்து அங்கே பதிவுகளுக்கும் காசு கிடைக்குதே!

அதனால, ரத்தம் கொதிக்கிற மாதிரி ஒரு செய்தி உங்க போனுக்கு வந்தா, ஃபார்வர்டு பட்டனைத் தொடும் முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. அந்தக் கொதிப்பில் எங்கேயோ ஒருத்தர் வீட்டு அடுப்பு எரியலாம்!