உலராத வியர்வை

திருவனந்தபுரம் சாலை கம்போளத்தில் காலை பதினொரு மணி. சாலை என்பது இங்கே தெருவைக் குறிக்கவில்லை. கடைவீதியின் பெயரே அதுதான். தமிழ்நாட்டிலிருந்து காய்கறி ஏற்றி வந்த லாரியிலிருந்து மூட்டைகள் இறங்குகின்றன. சும்மாடு கட்டிய தலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சுமை வாங்கிக்கொள்கின்றன. தோளில் கிடக்கும் துண்டைப் பிழிந்தால் சொட்டும். ஏப்ரல் மாதத்தில் இந்த நேரத்துக்கு நிழலில் உள்ள வெப்பமானி 33 டிகிரி செல்சியஸ் காட்டினால், வேலூர்க்காரர் சிரிப்பார்: "இதெல்லாம் ஒரு வெயிலா?"

அந்தச் சிரிப்பில்தான் பிழை. வியர்ப்பதால் மட்டும் உடம்பு குளிர்வதில்லை. வியர்வை உலர வேண்டும். வேலூரின் வறண்ட காற்று அதைக் குடித்துவிடும். கடலோரக் காற்றோ ஏற்கெனவே வயிறு முட்டக் குடித்திருக்கிறது. வியர்வை வழிந்து ஓடுகிறது, சூடு உள்ளேயே தங்கிவிடுகிறது. சுமக்கும் தசைகள் வேறு சூட்டைக் கிளப்பிக்கொண்டிருக்கின்றன. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, புத்தி தடுமாறினால் உயிருக்கே ஆபத்து.

வானிலையை அளக்கத் தெரியாத ஊரல்ல இது. 1837இல் சுவாதித் திருநாள் மகாராஜா இங்கே வானாய்வுக் கூடம் அமைத்தார். ஆனால் இன்றைய விதிப்படி, கடலோரத்தில் வெப்பம் 37 டிகிரியை எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடினால்தான் அது வெப்ப அலை. 33 டிகிரி நாளை யாரும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை.

வேறொரு அளவுகோல் உண்டு. 1950களில் அமெரிக்க மரைன் படைப் பயிற்சி முகாமில் வீரர்கள் வெயிலில் சுருண்டு விழுந்ததையொட்டி உருவானது. மூன்று வெப்பமானிகள்: ஒன்று காற்றின் சூட்டைச் சொல்லும். இன்னொன்று கறுப்பு வண்ணம் பூசிய உருண்டைக்குள் இருந்து வெயிலின் தாக்குதலைச் சொல்லும். மூன்றாவதன் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். வியர்வை உலருமா என்று சொல்வது அதுதான். எனவே கணக்கில் 70 சதவீதம் அதற்கே. உருண்டைக்கு 20, காற்றுக்கு 10. காற்று 33, உருண்டை 45, ஈரக் குமிழ் 28 என்று வைத்துக்கொண்டால் விடை ஏறக்குறைய 32. வெயிலுக்குப் பழகிய உடம்புக்கே கடின உழைப்பில் சர்வதேசத் தர வரம்பு 26தான்.

கேரள அரசு சும்மா இருக்கவில்லை. கோடைதோறும் தொழிலாளர் ஆணையர் உத்தரவு போடுகிறார்: வெயிலில் வேலை செய்பவர்களுக்குப் பகல் 12 முதல் 3 வரை ஓய்வு, காலை 7க்கும் மாலை 7க்கும் இடையில் எட்டு மணி நேர வேலை. 2025இல் பிப்ரவரி 11 முதலே இது அமலுக்கு வந்தது. பல மாநிலங்களுக்கு இது முன்னுதாரணம். ஆனால் உத்தரவு பார்ப்பது கடிகாரத்தை. பதினொரு மணிக்கே வரம்பு மீறும் உடம்பை அது பார்ப்பதில்லை. கூலியோ மூட்டைக்கு மூட்டை எண்ணப்படுகிறது. உட்கார்ந்தால் நஷ்டம் உட்கார்ந்தவருக்குத்தான்.

விழுந்தால் ஊருக்குத் தெரியும். விழாமல் வருஷக்கணக்கில் சுமப்பவருக்கு என்ன ஆகிறது? தமிழ்நாட்டு உப்பளங்களில் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். பெரும்பாலோர் வரம்பு மீறிய வெப்பத்தில் உழைப்பதும், சிலருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டு வருவதும் தெரிந்தது. ஒதுங்க இடமில்லாத பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பாதிப்பு எந்த வெப்ப அலைக் கணக்கிலும் ஏறாது.

தண்ணீர், நிழல், கழிப்பறை எல்லாம் வேண்டும். அத்துடன் ஓய்வு நேரத்துக்குக் கூலியும் வேண்டும். இல்லாவிட்டால் ஓய்வு என்பது சுவரில் ஒட்டிய காகிதம்தான்.

கம்போளத்தில் மணி பன்னிரண்டு. லாரியில் இன்னும் பாதிச் சுமை இருக்கிறது. வெப்பமானியில் சுற்றுவதும் ஈரத்துணிதான்; இங்கே ஒவ்வொரு தோளிலும் கிடப்பதும் ஈரத்துணிதான். அளவைப் படிக்கத்தான் ஆளில்லை.