நிலமும் பொழுதும்

இம்மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு துறைத்தலைவர் பணித்தபோது சற்றுத் தயங்கினேன். இத்துறையில் இளங்கலைத் தமிழ் பயின்றவன் ஆயினும், பிழைப்பின் பொருட்டுக் கணிப்பொறித் துறைக்குச் சென்று இருபது ஆண்டுகள் ஆகின்றன. இலக்கியம் பற்றி எழுதும் தகுதி எனக்கில்லை. எனினும், இவ்வகுப்பறையில் கேட்ட பாடம் ஒன்றன் பொருளை நான் உண்மையில் உணர்ந்தது ஒரு மருத்துவமனையில்தான். அதனையே இங்கு எழுதுகிறேன்.

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் எனத் தொல்காப்பியர் வகுத்தார். தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன், மதிப்பெண்ணும் பெற்றேன், பின்னர் மறந்துபோனேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனைக்கு நாங்கள் மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். எந்த நோயாளிக்கு எந்த மருந்து எத்தனை மணிக்கு அளிக்கப்பட்டது என்பதைச் செவிலியர் அதில் பதிவு செய்வர். அடுத்த வேளை எப்போது என்பதை அது திரையில் காட்டும். ஒருநாள் பிற்பகல், பதிவுகளை எழுதும் பகுதியை மட்டும் வெளிநாட்டிலிருந்த வாடகைக் கணிப்பொறிக்கு மாற்றினோம். திரையில் காட்டும் பகுதி பழைய கணிப்பொறியிலேயே இருந்தது. பதிவு விழுகிறதா என்று சோதித்தோம். என்ன மணி விழுகிறது என்று பார்த்தோமில்லை.

அன்றிரவு 8 மணிக்கு, ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை போடவேண்டிய ஊசியை ஒரு குழந்தைக்குப் போட்டுவிட்டுப் பகல் பணிச் செவிலியர் வீடு சென்றார். இரவுப் பணிக்கு வந்தவர் திரையைப் பார்த்தார். கடைசி ஊசி பிற்பகல் 2.30, அடுத்தது இரவு 8.30 என்றிருந்தது. மருந்துடன் கட்டிலருகே வந்தவரிடம் குழந்தையின் தாய், "இப்பத்தானே ஊசி போட்டுட்டுப் போனாங்க, சிஸ்டர்" என்றார். செவிலியரின் கை நின்றது. தொலைபேசியில் விசாரித்து உண்மையை அறிந்தார். அத்தாய் அந்நேரம் கண்ணயர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போது இன்றும் நெஞ்சு பதறுகிறது.

8 மணிக்கும் 2.30க்கும் இடையே ஐந்தரை மணி நேரம். கிரீன்விச்சை அடிப்படையாகக் கொண்ட உலகப் பொதுநேரத்திற்கும் இந்திய நேரத்திற்கும் உள்ள இடைவெளி அதுவே. பிழை எங்கே என்பது அக்கணமே விளங்கிற்று.

நிரலுக்கும் தரவுத்தளத்திற்கும் நடுவே டிரைவர் எனும் இணைப்பு மென்பொருள் ஒன்றுண்டு. அக்காலத் துபாசியைப் போல, ஒருவர் கூறுவதை மற்றவர் மொழிக்கு மாற்றித் தருவது அதன் பணி. எங்கள் நிரல் ஜாவாவில் எழுதப்பட்டது, தரவுத்தளம் போஸ்ட்கிரஸ். அதில் நேரத்தைச் சேமிக்க இருவகைக் கட்டங்கள் உண்டு: நேர மண்டலம் அறிந்தது ஒன்று, அறியாதது ஒன்று. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்திருந்தோம். அது நாளையும் மணியையும் வெறும் எண்களாகவே வைத்திருக்கும். எவ்வூர் மணி என்று கேளாது. வெளிநாட்டுக் கணிப்பொறி உலகப் பொதுநேரத்தில் இயங்கியதால், அங்கிருந்த டிரைவர் நம் இரவு 8 மணியை 14.30 என எழுதியது. இங்கிருந்த டிரைவர் அதே எண்களை இந்திய நேரமாகக் கொண்டு பிற்பகல் 2.30 என வாசித்தது. இரண்டும் தத்தம் நிலத்திற்கேற்ப நேர்மையாகவே மொழிபெயர்த்தன. எழுதுவோரும் வாசிப்போரும் ஒரே மண்டலத்தில் இருந்தவரை இக்குறை வெளிப்படவே இல்லை.

மண்டலம் அறிந்த கட்டமும் தன் பெயரால் நம்மை மயக்கும். அது மண்டலத்தின் பெயரைச் சேமிப்பதில்லை. வந்த நேரத்தை உலகப் பொதுநேரமாக்கி 8 பைட்டுகளில் வைக்கும். கேட்பவரின் மண்டலத்திற்கேற்ப மாற்றித் தரும். ஆகவே கணம் பிறழாது. மைசீக்குவலிலும் இவ்வேறுபாடு உண்டு: டைம்ஸ்டாம்ப் மாற்றி வைக்கும், டேட்டைம் எண்களை அப்படியே வைக்கும். 2014-இல் வந்த ஜாவா 8, பொதுநேரத்திலிருந்து உள்ள இடைவெளியையும் உடன்சுமக்கும் நேர வகையைத் தந்தது. நாங்கள் கட்டத்தையும் நிரலையும் அவ்வாறே மாற்றினோம்.

நடந்து முடிந்ததற்கு இது போதும், வரவிருப்பதற்குப் போதாது. இலங்கையின் கடிகாரம் 1996-இல் ஐந்தரையிலிருந்து ஆறரைக்கும், பின்னர் ஆறுக்கும் மாறி, 2006-இல் மீண்டும் ஐந்தரைக்கே திரும்பியது. கொழும்பில் காலை 10 மணிக்கு என முன்கூட்டிக் குறித்த சந்திப்பைப் பொதுநேரமாக மட்டும் எழுதி வைத்திருந்தால், அம்மாற்றங்களுக்குப் பின் அது 10 மணியாக இராது. அத்தகைய இடங்களில் ஊரின் பெயரையும் உடன் எழுதிவைத்தல் வேண்டும்.

பழுதைச் சீர்செய்து முடித்த விடியற்காலையில், பல்லாண்டு மறந்திருந்த அப்பாடம் நினைவுக்கு வந்தது. நிலத்தை விடுத்துப் பொழுதை மட்டும் எழுதிவைத்த பிழையன்றோ நாங்கள் செய்தது! இலக்கண ஆசிரியர் அகப்பாடலுக்கு வகுத்த நெறி ஒரு குழந்தையின் மருந்துச் சீட்டுக்கும் பொருந்தும் என்று எவர் நினைத்தார்?

மாணவ நண்பர்களே, நீங்கள் எத்துறைக்குச் சென்றாலும், மணியை எழுதும் இடத்தில் அது எவ்வூர் மணி என்பதையும் எழுதுங்கள். இயந்திரம் சொல்வதோடு கட்டிலருகே இருப்பவர் சொல்வதையும் கேளுங்கள். இப்பாடத்தை அன்று பொறுமையுடன் கற்பித்த என் ஆசிரியர்களுக்கு, காலந்தாழ்த்தியேனும் நன்றி கூறுகிறேன்.