யார் ஏறுவதற்கான படகு?

பாய்மரப் படகுப் போட்டியைப் பற்றி இங்கே எழுதுவோம் என்று நாங்களே நினைத்ததில்லை. வன்கொடுமை வழக்கு, பஞ்சமி நிலம், கல்வி உதவித்தொகை என்று எழுதிவரும் இடத்தில் பாயும் சுக்கானும் எதற்கு என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது.

வடசென்னையில் நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பு வட்டத்தின் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு, ஒரு படகு மன்றத்தின் வாரயிறுதிப் போட்டிகளில் கலந்துகொள்ளும் வாய்ப்பு வந்தது. எல்லோரும் 14 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்கள். ஓய்வுபெற்ற மாலுமி ஒருவர் பயிற்சி தர முன்வந்தார். மன்றம் சொன்ன நிபந்தனை ஒன்றே ஒன்று: படகை நீங்களே கொண்டுவர வேண்டும். நண்பர்களிடம் திரட்டிய கொஞ்சம் பணம் கையில் இருந்தது. எந்தப் படகை வாங்குவது என்று மூன்று மாதம் அலைந்தோம். அந்த அலைச்சலில் 'தகுதி' என்ற சொல்லைப் பற்றியும் நிறையக் கற்றுக்கொண்டோம்.

ஒற்றையாள் படகு என்பது ஒரே ஒருவர் ஏறி, ஒரு கையில் சுக்கானையும் மறு கையில் பாயின் கயிற்றையும் பிடித்து ஓட்டும் சிறு படகு. இயந்திரம் கிடையாது. காற்று ஓங்கி அடித்தால் விளிம்பில் உட்கார்ந்து உடலை வெளியே சாய்த்துப் படகைக் கவிழாமல் காக்க வேண்டும். கவிழ்ந்துவிட்டால் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையில் ஏறி நின்று தானே நிமிர்த்த வேண்டும். இருவர் ஓட்டும் படகுகளும் உண்டு. அதில் ஒருவர் சுக்கானைப் பிடிப்பார், மற்றவர் அவர் சொன்னதைச் செய்வார். மன்றத்துப் பிள்ளைகளோடு இணை சேர்த்தால் நம் பிள்ளைக்கு எந்த இடம் கிடைக்கும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. எனவே ஒற்றையாள் படகுதான் என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்து எழவில்லை.

சந்தையில் பல வகை உண்டு. ஆப்டிமிஸ்ட் என்ற சின்னப் படகை 1947-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் வடிவமைத்தார். அதிகச் செலவில்லாமல் ஒட்டுப்பலகையில் கட்டிக்கொள்ளும் குழந்தைகள் படகாகப் பிறந்தது அது. ஆனால் 15 வயதோடு அதன் போட்டி முடிந்துவிடும். ஃபின் என்ற படகு 1952 முதல் ஒலிம்பிக்கில் இருந்தது. அதற்கு 90 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆள் வேண்டும். ஆர்.எஸ். ஏரோ புதியது, உடல் 30 கிலோதான், கையாள எளிது. ஆனால் நாங்கள் போகவிருந்த மன்றத்தில் அது ஒன்றுகூட இல்லை.

இந்தக் கடைசிக் காரணம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மன்றப் போட்டி என்பது ஒரே வகைப் படகுகள் கூட்டமாக ஓடுவது. எவ்வளவு நல்ல படகாக இருந்தாலும் அது ஒன்றே ஒன்று என்றால் போட்டியில்லை. பழுதானால் உதிரிப் பாகம் இரவல் தரவும், கயிறு கட்டும் முறையைச் சொல்லித்தரவும் பக்கத்தில் ஆளில்லை. வேகமான படகைத் தேடாதே, கூட்டத்தில் இருக்கும் படகைத் தேடு என்றார் மாலுமி. இயக்கத்தில் இருப்பவர்களுக்கு இது புரியாத பாடம் அல்ல.

அப்படிப் பார்த்தால் விடை ஒன்றுதான்: லேசர் என்று உலகம் அறிந்த, வணிகப்பெயர்ச் சிக்கலால் 2019 முதல் இல்கா என்று அழைக்கப்படும் படகு. கனடாவின் புரூஸ் கர்பி வடிவமைத்தது. நீளம் 4.2 மீட்டர், உடல் எடை 59 கிலோ. இதுவரை இரண்டு லட்சத்துக்கும் மேல் கட்டப்பட்டிருக்கின்றன. எந்தப் படகும் இன்னொன்றிலிருந்து வேறுபடக் கூடாது என்பது இதன் விதி. பணக்காரர் நல்ல படகை வாங்கி ஜெயித்துவிட முடியாது, ஓட்டுபவரின் திறமை மட்டுமே பேசும் என்று பெருமையாகச் சொல்வார்கள்.

ஆனால் அதே விதி இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறது. ஒரே படகு எல்லோருக்கும் சமமான படகு அல்ல. 80 கிலோ ஆளுக்கு ஏற்ற பாய் 50 கிலோ ஆளைக் காற்றில் தூக்கி எறிந்துவிடும். அதனால் ஒரே உடலுக்கு மூன்று பாய்கள் வைத்திருக்கிறார்கள். இல்கா 7-க்குப் பாய் சுமார் 7 சதுர மீட்டர். இல்கா 6-க்கு 5.8. இல்கா 4-க்கு 4.7. பாயையும் பாய்மரத்தின் கீழ்த்துண்டையும் மாற்றினால் போதும், படகு அதேதான். ஆண்களுக்கான ஒலிம்பிக் போட்டி 7-ல் நடக்கிறது, பெண்களுக்கானது 6-ல்.

எங்கள் பிள்ளைகளை எடைபோட்டுப் பார்த்தோம். பாதிப் பேர் 50 கிலோவைத் தாண்டவில்லை. பதினேழு வயதுப் பையன் 46 கிலோ இருப்பதற்குப் பின்னால் எத்தனை தலைமுறையின் அரைவயிறு இருக்கிறது என்று நமக்குத் தெரியும். இல்கா 4 பாய்தான் இவர்களுக்குச் சரி என்றோம். அந்தப் பையன் முகம் சுருங்கியது. "சின்னப் பாயா? பாத்துச் சிரிப்பாங்க அக்கா" என்றான்.

அவனுக்கு நேகா தாக்கூரைப் பற்றிச் சொன்னோம். மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் மாவட்டத்து விவசாயியின் மகள். கடலே இல்லாத மாநிலம். போபாலில் அரசு நடத்தும் பயிற்சிப் பள்ளியில் படகோட்டக் கற்றவர், 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்றார். அதே சின்னப் பாயில், இல்கா 4-ல். அதே விளையாட்டில் இல்கா 7-ல் வெண்கலம் வென்ற விஷ்ணு சரவணன் ராணுவத்தின் படகில் வளர்ந்தவர். அரசு படகை வாங்கி வைத்தால் திறமை எங்கிருந்தெல்லாம் வருகிறது பாருங்கள். படகைச் சொந்தமாகக் கொண்டுவா என்றால், வருபவர்கள் யார் என்பது வாசலிலேயே முடிவாகிவிடுகிறது.

இந்த இடத்தில் பழவேற்காட்டைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பிள்ளைகளில் சிலரின் குடும்பங்கள் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவை. பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. எந்த வலை எந்த நாளில் எந்த இடத்தில் விழ வேண்டும் என்று குலுக்கல் போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிரந்தரமாகப் போகாது. பொதுவளத்தைச் சமமாகப் பகிர்வதற்கு எடுத்துக்காட்டு என்று இதை ஆய்வாளர்கள் பாராட்டியிருக்கிறார்கள். ஆனால் குலுக்கலில் பெயர் போடும் உரிமை பரம்பரையாகக் குறிப்பிட்ட மீனவச் சாதிக்கு உரியது. தலித்துகள் அந்த வட்டத்துக்கு வெளியே. உள்ளே சமத்துவம், வாசலில் சாதி. ஒரு பிள்ளையின் அம்மா எங்களைக் கேட்டார்: "பொழைக்கிறதுக்கே ஏரியில எறங்க விடல. வெளையாடவா விடப்போறாங்க?" நாங்கள் அவருக்குச் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அவர் கேட்டது சரியான கேள்வி.

'எல்லாப் படகும் ஒன்றே' என்ற விதியும் அப்படித்தான். கோட்டுக்குள் வந்தவர்களுக்கு நடுவே அது நியாயமானது. கோட்டுக்கு வெளியே நிற்பவர்களைப் பற்றி அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை.

தோழர்களுக்கு இன்னொரு செய்தி பயன்படும். பிரிட்டனின் மன்றங்களில் பல வகைப் படகுகள் ஒன்றாகப் போட்டியிடும்போது போர்ட்ஸ்மவுத் எண் என்ற கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு வகைப் படகுக்கும் ஓர் எண். மெதுவான படகுக்குப் பெரிய எண். எடுத்துக்கொண்ட நேரத்தை 1,000-ஆல் பெருக்கி அந்த எண்ணால் வகுப்பார்கள். 1,100 எண்ணுள்ள படகு 55 நிமிடத்தில் வந்தால் கணக்கில் 50 நிமிடம். 1,600 எண்ணுள்ள படகு 78 நிமிடத்தில் வந்தால் 48.75 நிமிடம். இருபத்து மூன்று நிமிடம் கழித்து வந்தவர் கோப்பையை வாங்கிப் போகிறார். தகுதி செத்துவிட்டது என்று அங்கே யாரும் கூப்பாடு போடுவதில்லை. ஓட்டுபவரையும் படகையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குப் பொது அறிவு. கல்லூரி வாசலில் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து, அந்த மதிப்பெண்ணை ஏற்றிவந்த படகு எது என்று கேட்க மறுப்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இடஒதுக்கீடும் இந்தக் கணக்கும் ஒன்று என்று சொல்லிவிடாதீர்கள். இடஒதுக்கீடு மெதுவாக வருபவருக்குத் தரும் சலுகை அல்ல, அதிகாரத்தில் நம் பங்கு. நம் பிள்ளைகளின் கை மெதுவான கை அல்ல, படகு தரப்படாத கை. எதிராளி 'தகுதி' என்பது தானாக வானத்திலிருந்து விழுவதைப் போலப் பேசும்போது, மேட்டுக்குடியின் விளையாட்டிலேயே அது விதி போட்டு உண்டாக்கப்படும் பொருள் என்று காட்டுவதற்கு மட்டும்தான் இந்த உதாரணம்.

இனி நடைமுறைக்கு வருவோம். புதிய இல்கா பல லட்சம் ஆகும். நாங்கள் மூன்று பழைய படகுகளை வாங்கினோம். பழையதை வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை சில. பாய்மரம் நிற்கும் குழியில் தண்ணீர் ஊற்றிச் சற்று நேரம் காத்திருங்கள். மட்டம் இறங்கினால் குழி கசிகிறது, காற்று பலத்த நாளில் அங்கேதான் உடையும். மேல்தளத்தைக் கையால் அழுத்துங்கள், மெத்தென்று அமுங்கினால் விட்டுவிடுங்கள். உடலை எடைபோடுங்கள். 59 கிலோ இருக்க வேண்டியது 65 காட்டினால் பெரும்பாலும் உள்ளே நீர் தங்கியிருக்கிறது. அசல் பாய் விலை அதிகம். வேறு நிறுவனங்கள் தைக்கும் அதே அளவுப் பாய் மலிவு. பெரிய போட்டிகளில் அதை ஏற்கமாட்டார்கள், மன்றப் போட்டியில் அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மிதவைச் சட்டையில் மட்டும் சிக்கனம் வேண்டாம். நீந்தத் தெரியாத பிள்ளையைப் படகில் ஏற்றவே வேண்டாம். பொதுக் குளமும் நீச்சல் குளமும் நமக்கு எவ்வளவு காலம் மூடியிருந்தன என்பதால், முதல் இரண்டு மாதம் நீச்சலுக்கே போய்விடும் என்று கணக்கு வையுங்கள்.

மூன்று படகுக்கு இரண்டு இல்கா 4 பாய்களும் ஓர் இல்கா 6 பாயும் வாங்கினோம். படகுகள் வட்டத்தின் பொதுச்சொத்து, எந்தப் பிள்ளையின் பெயரிலும் இல்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் யாருக்கு எந்தப் படகு என்று குலுக்கிப் போடுகிறோம். பன்னிரண்டு பெயரும் குலுக்கலில் இருக்கும், பெண்பிள்ளைகள் ஐவர் பெயரும் சேர்த்து.

மன்றத்தில் எங்களுக்கு இன்னும் உறுப்பினர் உரிமை இல்லை, விருந்தினர்தான். யாரும் சேரலாம் என்றுதான் விதிப்புத்தகம் சொல்கிறது. கூடவே, இரண்டு உறுப்பினர்கள் முன்மொழிந்து வழிமொழிய வேண்டும் என்றும் சொல்கிறது. பொதுக் குளங்கள் எல்லோருக்கும் திறந்தவை என்று பம்பாய் சட்டமன்றம் 1923-ல் தீர்மானம் போட்டது. மகத் நகராட்சி 1924-ல் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் 1927 மார்ச் 20 அன்று நடந்துபோய்த் தண்ணீரைக் கையில் அள்ளும் வரை அந்தத் திறப்பு காகிதத்தில்தான் இருந்தது. நாங்களும் உறுப்பினர் விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்திருக்கிறோம், பன்னிரண்டு பேருக்கும் தனித்தனியாக. பதில் எழுத்தில் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம்.

உங்கள் ஊரில் படகு இல்லாமல் இருக்கலாம். டென்னிஸ் மட்டை, செஸ் பயிற்சி, துப்பாக்கி சுடுதல், நுழைவுத்தேர்வு வகுப்பு என்று வேறொன்று இருக்கும். உள்ளே எல்லாம் சமம் என்று யாராவது சொன்னால், உள்ளே வர என்ன வேண்டும் என்று கேளுங்கள். அது பொதுப்பணத்தில், பொது இடத்தில் நடக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் பொதுப் படகு கேளுங்கள், பொது மட்டை கேளுங்கள். கேட்கும்போது ஒருவராகப் போகாதீர்கள், கூட்டமாகப் போங்கள்.

ஜெய் பீம்.