காரும் கறளும்

பழைய காருக்குப் பெரும்பகை கறள். இரும்பும் ஈரமும் காற்றும் கூடுமிடத்தில் அது பிறக்கின்றது; உப்புச் சேர்ந்தால் விரைந்து பரவுகின்றது. கடலும் கடல்நீரேரியும் சூழ்ந்த யாழ்ப்பாணத்தில் இப்பகை நம் வாசலிலேயே நிற்கின்றது.

எம் தந்தையார் விட்டுச்சென்ற மொறிஸ் மைனர் இன்றும் எம்மிடம் உண்டு. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது, பெற்றோல் இல்லாத நிலையில் மண்ணெண்ணெயில் ஓடி எங்களைத் தென்மராட்சிக்குச் சேர்த்த வண்டி அது. விற்க மனம் இசையவில்லை. ஆகவே காத்தல் கடனாயிற்று.

நம்மிற் பலர் காரின் மேற்புறத்தை மினுக்குவதோடு அமைகின்றனர். கறளோ கண்காணா இடத்திலேயே தொடங்குகின்றது. மட்காட்டின் உள்விளிம்பு, கதவின் அடி, கால்விரிப்பின் கீழுள்ள தளம் ஆகியன அதன் உறைவிடங்கள். மாரியில் அங்கே ஒட்டும் சேறு ஈரத்தை நாட்கணக்கிற் பிடித்து வைக்கும். ஆதலின் மழை ஓய்ந்ததும் அடிப்புறத்தை நன்னீராற் கழுவுதல் வேண்டும். உவர்க்கிணற்று நீர் ஆகாது. கதவடியில் நீர் வடியும் துளைகள் அடைபட்டிருப்பின் ஈர்க்கினாற் குத்தித் திறத்தல் வேண்டும். நனைந்த காரைப் படங்கினால் மூடுதல் தகாது. உள்ளே ஈரம் தங்கிவிடும்.

பெயின்ற் கொப்புளித்த இடத்தில் மேலும் பெயின்ற் பூசுவது நோயை மறைப்பதாகும். கொப்புளத்தை உடைத்து, நல்ல உலோகம் தோன்றுமளவும் கம்பித் தூரிகையால் தேய்த்து, உலர்த்தி, கறள் தடுக்கும் பூச்சிட்ட பின்னரே நிறம் பூசலாம். உட்குழிவான பகுதிகளுக்கு மெழுகுப் பூச்சு நன்று.

இவை யாவும் ஓர் அரைநாள் வேலை. மாதம் ஒருமுறை குனிந்து காரின் அடியைப் பார்ப்பவருக்குத் தகரவேலைச் செலவு பெரிதும் குறையும்.