சவரக்கத்தியும் எமரி ஷீட்டும்

மடக்குற சவரக்கத்தியை வீட்லயே தீட்ட என்ன செலவாகும்னு தேடிப் பார்த்தீங்கன்னா தலை சுத்தும். ஜப்பான் கல்லுங்கறான், பெல்ஜியம் கல்லுங்கறான். கத்தி விலையை விட கல் விலை ஜாஸ்தி. ஷேவிங் பண்றதுக்கு லோன் போடணும் போல :-)

அவ்வளவெல்லாம் வேணாம். பாலக்கோட்டுல ஹார்டுவேர் கடை, தருமபுரியில காருக்குப் பெயிண்ட் அடிக்கிற சாமான் விக்கிற கடை, இந்த ரெண்டும் போதும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது எங்க ஊர்ல மூணு தலைமுறைக்கு முடிவெட்டின ஒரு பெரியவர். அவர் பேர் வேண்டாம்.

இப்ப எந்த சலூன்லயும் பழைய கத்தி கிடையாது. பிளேடை ரெண்டா உடைச்சு, பாதியைச் சொருகி, ஆள் மாறினா பிளேடும் மாறும். அது நல்லதுதான். 1986-ல சென்னையிலதான் இந்தியாவுல முதல்முதலா எச்.ஐ.வி. கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம் வந்த பயத்துல, ஒரே கத்தியில ஊருக்கே சவரம் பண்ற பழக்கம் கொஞ்சம் கொஞ்சமா போயிடுச்சு. அதனால முதல் விதி: ஒரு கத்தி, ஒரு முகம். அண்ணன் தம்பியா இருந்தாலும் கடன் கொடுக்காதீங்க.

பெரியவரும் அப்படித்தான் பிளேடுக்கு மாறினார். பழைய கத்தி அடைப்பத்துலயே கிடந்து துருப்பிடிச்சுப் போச்சு. பையன் ஓசூர்ல கம்பெனி வேலை. பெரியவருக்கு ரெண்டு வருஷமா கை நடுக்கம், தொழிலை விட்டுட்டார். "கத்தி சும்மாதான் கிடக்கு, எடுத்துக்கோங்க சாமி"ன்னார். என்னை விட நாப்பது வயசு மூத்தவர். எங்க வீட்ல சின்னப் பசங்க வரைக்கும் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. அறுவடை முடிஞ்சா களத்துல ராகி அளந்து போடுவாங்க, அதுதான் வருஷக் கூலி. "சாமி வேணாம் தாத்தா, தம்பின்னு சொல்லுங்க"ன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "முதல்ல துருவை எடு தம்பி"ன்னார்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

மேல் துருவை 1000 நம்பர் எமரி ஷீட்டுல எண்ணெய் விட்டுத் தேய்ச்சாலே போயிடும். வாய்ப்பக்கம் குழிகுழியா அரிச்சிருந்தா அந்தக் கத்தியை விட்டுடுங்க, அது தேறாது. சாணைக்காரர்கிட்ட மட்டும் கொடுத்துடாதீங்க. அவர் சக்கரம் அரிவாளுக்கும் அருவாமணைக்கும் சரி. சவரக்கத்தி வாய் தாள் மாதிரி மெல்லிசு, ஒரு நொடியில சூடேறும். நீலம் பாரிச்சுதுன்னா உருக்கோட கடினம் போச்சு, அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிக்காது.

கண்ணாடிக் கடையில ஒரு சாண் நீளத்துக்குத் தடியான கண்ணாடித் துண்டு கேளுங்க, வெட்டினது மிச்சம் இருக்கும். அதுல தண்ணி தெளிச்சு 1000 நம்பர் ஷீட்டை ஒட்டவைங்க. முழுக்க மழுங்கின கத்திக்குத்தான் 1000. ஓரளவு கூர் இருந்தா நேரா 2000. கார் பெயிண்ட் கடையில 3000, 5000 கூட கிடைக்கும். ஷீட் ஒண்ணொண்ணும் ஒரு காபி டீ செலவுதான்.

கத்தியை எந்தக் கோணத்துல பிடிக்கறதுன்னு பயப்படவே வேணாம். செஞ்சவனே அதை யோசிச்சு வெச்சுட்டான். முதுகும் வாயும் ஒரே நேரத்துல பரப்பைத் தொடுற மாதிரி படுக்கவைச்சா அதுதான் கோணம். முதுகு தேயாம இருக்க எலக்ட்ரீஷியன் கருப்பு டேப் ஒரு சுத்து. கல்லுல வாய் முன்னால போகணும். எமரி ஷீட்டுல அப்படிப் போனா தாளைக் கிழிச்சுடும், அதனால முதுகு முன்னால, வாய் பின்னால இழுபடணும். திருப்பும்போது முதுகு மேலயே உருட்டித் திருப்புங்க.

அழுத்தம்? இங்கதான் பெரியவர் என் கையைப் பிடிச்சார். நடுங்குற கை, ஆனா பாரமே இல்லை. "கத்தியோட எடையே போதும் தம்பி. நீ எதுக்கு உன் எடையையும் அதுல போடற?" அந்தக் கை பிரசவத்துக்குத் தொப்புள்கொடி அறுக்கிற வீட்டுக் கை. மருத்துவர்னு அந்த சமூகத்துக்குப் பேர் சும்மா வரல. ஆம்பளைங்க கட்டிக்குக் கீறிவிட்டு மருந்து வைப்பாங்க, பொம்பளைங்க பிரசவம் பார்ப்பாங்க. அப்படிப்பட்டவங்களைத்தான் திண்ணைக்குக் கீழ உட்கார வெச்சோம். இதுக்கு மேல எழுதினா பதிவு வேற பக்கம் போயிடும்.

ஷீட் முடிஞ்சா தோல் வார். பழைய பெல்ட் போதும், ஆனா நிஜத் தோலா இருக்கணும், ரெக்சின் உதவாது. பலகையில ஆணி அடிச்சுக்கங்க. முதல்ல பழைய ஜீன்ஸ் துணியில இருபது இழுப்பு, அப்புறம் தோல்ல முப்பது. இங்கயும் முதுகுதான் முன்னால. பாலிஷ் போடுறவங்க வெச்சிருக்கிற பச்சைக் கட்டி (குரோமியம் ஆக்சைடு) இருந்தா இன்னொரு பெல்ட்ல லேசா தேய்ச்சு, மாசத்துக்கு ஒருதடவை பத்து இழுப்பு. ஷீட்டைத் தொட வேண்டிய நாள் தள்ளிப்போயிட்டே இருக்கும். வார் மட்டும் ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னாடி கட்டாயம்.

கூர் பார்க்கக் கட்டைவிரலைக் கொண்டு போகாதீங்க. முன்கை முடிமேல தோலைத் தொடாம ஓட்டினா முடி தானா விழணும்.

நம்ம மாவட்டத்துக்குன்னே ஒரு பிரச்சினை இருக்கு: தண்ணி. புளோரைடு கதை எல்லாருக்கும் தெரியும், பல்லைப் பார்த்தாலே ஊர் தெரியும்பாங்க. எங்க போர் தண்ணி உப்பும் கூட. நுரையும் வராது, கத்தியில வெள்ளையா படியும். 2013-ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு, குழாய் வர்ற நாள்ல ஒரு சொம்பு காவிரித் தண்ணி ஷேவிங்குக்குன்னே எடுத்து வைக்கிறேன். (வீட்டம்மாவுக்குத் தெரிஞ்சா சொம்பு பறக்கும்.) முடிஞ்சதும் துணியில துடைச்சு, ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் தடவி வைங்க. பாத்ரூம்ல மட்டும் வைக்காதீங்க.

கத்தி தயாரானதும் அதை ஸ்பிரிட்ல துடைச்சு எடுத்துக்கிட்டு பெரியவர் வீட்டுக்குப் போனேன். பத்து நாள் தாடி. நடுங்குற கையால அவருக்கு அவரே பண்ணிக்க முடியல, பையன் வர்றப்பதான். "தாத்தா, உங்க கத்தி. உங்களுக்கே பண்ணட்டுமா?"ன்னேன். வாசல்ல கீழ உட்காரப் போனார். நாற்காலியை இழுத்துப் போட்டு அதுல உட்காரவெச்சேன். கூச்சமா சுத்திமுத்தும் பார்த்துட்டு உட்கார்ந்தார்.

கன்னத்துல தோலை இழுத்துப் பிடிக்கணும், கத்தி முப்பது டிகிரி சாய்வா இருக்கணும், முடி போற திசையிலயே போகணும். கால்மணி நேரத்துக்கும் மேல ஆச்சு. கண்ணை மூடிக்கிட்டே இருந்தார். முடிச்சதும் ரெண்டு கன்னத்தையும் புறங்கையால தடவிப் பார்த்தார்.

"வலது பக்கம் நல்லா வந்திருக்கு. இடது பக்கம் இழுக்குது. வார்ல இன்னும் ஒரு முப்பது இழு தம்பி."