வயிற்றுவலி லீவு

எட்டாம் வகுப்பில் அந்தப் பெண் மாதாமாதம் இரண்டு நாள் லீவு போடுவாள். "எல்லாப் பொம்பளைக்கும் வர்ற வலிதானே, உனக்கு மட்டும் என்ன?" என்று வகுப்பிலேயே கேட்டிருக்கிறேன்.

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். இப்போது வயது 32. கல்யாணமாகி 6 வருடம், குழந்தை இல்லை. "எண்டோமெட்ரியோசிஸ், டீச்சர்" என்றாள்.

கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதிரியான திசு வெளியே, சினைப்பையிலும் குடல்மேலும் வளர்கிற நோய். மாதாமாதம் அங்கேயும் ரத்தம் கசியும், உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 10 பெண்களில் ஒருவருக்கு இருக்கிறதாம்! வலிக்குக் கொடுக்கிற ஹார்மோன் மாத்திரை முட்டை வெளிவருவதையே நிறுத்திவிடும், பிள்ளைக்கு அது உதவாது. இவளுக்குச் சினைப்பையில் சாக்லேட் கட்டி. அதை வெட்டி எடுத்தால் நல்ல முட்டைகளும் சேர்ந்து போகலாம் என்று முதலில் ஏ.எம்.ஹெச். ரத்தப் பரிசோதனை பார்த்திருக்கிறார்கள். அளவு குறைவு. அதனால் ஆபரேஷன் இப்போது வேண்டாம், நேராக ஐ.வி.எஃப். போகலாம் என்றாராம் டாக்டரம்மா. மாமியார் கோயில் கோயிலாகக் கூட்டிப்போகிறாராம். போகட்டும், அதுவும் ஒரு ஆறுதல்தான்.

"அப்பவே இந்த வலிதான் டீச்சர்" என்றாள், கோபமே இல்லாமல்.

"மன்னிச்சிடும்மா" என்றேன். அடுத்த மாதம் முட்டை எடுக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு நானும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.